எஞ்சினில் ஏறிய மாமனார்

12-10-1936, திங்கள்.

ரயில் எஞ்சினில் டிரைவரும் ஃபயர்மேனும் தவிர யாரும் ஏறக்கூடாது. டிரைவராக இத்தனை வருஷத்தில் நான் ஒருத்தரையும் ஏற்றியதில்லை. இன்று காரமடையில் மாமனார், "ஏனுங்க மாப்ள, நானும் வாரேனுங்க" என்று ஏறிவிட்டார். பெண் கொடுத்தவரை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழியெல்லாம் கேள்வி. பதில் சொல்லத் திரும்பிவிட்டேன். ஃபயர்மேன் கத்திய பிறகுதான் தண்டவாளத்தில் மாட்டுவண்டி நிற்பதைப் பார்த்தேன். பிரேக் பிடித்தேன். வண்டிக்கு நாலடி முன்னால் எஞ்சின் நின்றது. ரிப்போர்ட்டில் எழுதினால் வேலை போய்விடும்.

நின்ற இடம் மாமனார் தோட்டத்துக்குப் பக்கம். அவர் இறங்கிப் போய் அந்த வண்டிக்காரனிடமே, "பாத்தியா, எனக்காக எம்மாப்ள ரயிலையே நிறுத்திப்போட்டாரு" என்றார். அவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு உங்க அத்தையவும் கூட்டியாரேனுங்க மாப்ள."

"சரிங்க மாமா" என்றுதான் சொன்னேன்.