நூறு கேபிக்குள் அப்பா

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் மறைக்காமல் எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அம்மா உனக்கு எழுதும் கடிதம்தான். அம்மா ஸ்டூடியோவில் முக்காலி மேல் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அம்மா தட்டினால் ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் உன் கப்பல் ஒரு கடலைத் தாண்டிவிடும். சொன்னதை மட்டும் எழுது, உன் கைச்சரக்கைச் சேர்க்காதே என்பது உத்தரவு. போன கடிதத்தில் சொன்னதை மட்டும் எழுதியதால்தான் இவ்வளவு வினையும் வந்தது, ஆகவே இந்த முறை அம்மா சொல்வதையும் எழுதுவேன், சொல்லாமல் விழுங்குவதையும் எழுதுவேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் முதல் வரி. இங்கே நாங்கள் மூவரும் நலம். இந்தச் சொல்லை மூன்று பேரையும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

இந்த இடத்தில் சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிட்டு, அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றாள் அம்மா. நான் சம்மதிக்கவில்லை, நீ எப்படியும் சித்தியைத் தாண்டிக் குதித்துத்தான் படிப்பாய். நீ சந்தேகப்பட்டது சரிதான் அண்ணா. ஐந்து வாரத்துக்கு முன்னால் அப்பா ஸ்டூடியோ ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடும் அம்மாவின் இலைத்திரையைக் கழற்றித் தூசி தட்டி மறுபடியும் மாட்டும்போது நாலாவது படியில் கால் வழுக்கியது. விளக்குத் தாங்கியின் முனை பட்டு இடது புருவத்தில் ஏழு தையல், இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார், தலைக்குள் ஒன்றுமே இல்லை என்கிறாரா என்று அம்மா கேட்டாள், அப்போதே அப்பா சிரித்துவிட்டார். தையல் பிரித்தாகிவிட்டது, மாவுக்கட்டு இன்னும் பத்து நாள். இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கப் போக முடியாததால் அப்பா காலையிலிருந்து மாலைவரை ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு, படம் எடுக்க வருகிறவர்களுக்கு எப்படிச் சிரிப்பது என்று பாடம் நடத்துகிறார். விழுந்ததைக்கூடத் தாங்கிவிட்டேன், இதைத்தான் தாங்க முடியவில்லை என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், இன்னும் நாலு மாதம் கடலில் இருந்தால்தான் உன்னை இன்ஜினியர் தேர்வு எழுத விடுவார்கள், இந்தச் செய்தி வந்தால் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய் என்று அம்மா முடிவு கட்டினாள். அதனால் அப்பாவை முகத்தின் வலது பக்கம் மட்டும் தெரியும்படி திருப்பி உட்காரவைத்துப் படம் எடுத்தாள். பிறகு அதைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. முதல் மாதம் அம்மா ஆசையாக அனுப்பிய ஒன்பது எம்பி படம் உங்கள் கப்பலின் தபாலையே அரை நாள் அடைத்துக்கொண்டு நின்று, நீ உன் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நாங்கள் மறக்கவில்லை. ஆளுக்கு வாரம் ஒரு கடிதம், எல்லாம் சேர்த்து நூறு கேபி, அதாவது ஒரு எம்பியில் பத்தில் ஒரு பங்கு, என்ற சட்டமே அம்மாவால்தான் வந்திருக்கும் என்று அப்பா நம்புகிறார். அம்மா என்ன செய்தாள் என்றால், தரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சேமித்தாள், அளவைப் பார்த்தாள், பெரிதாக இருந்தது, அந்தச் சேமித்த படத்தையே திறந்து இன்னும் கொஞ்சம் குறைத்துச் சேமித்தாள், இப்படிப் பதினோரு தடவை. நகலை நகலெடுத்து, அதையும் நகலெடுத்தால் என்ன ஆகும் என்று கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிற அம்மாதான் இதைச் செய்தாள். கடைசியில் அப்பா முகம் குளியலறைத் தரை மாதிரி கட்டம் கட்டமாக ஆகிவிட்டது. அதோடு அம்மா சொன்னபடியே நானும் ‘அப்பா இப்போது நன்றாகத் தூங்குகிறார்’ என்று எழுதிவைத்தேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு பதில் போட்டாய்: “இப்போதுன்னா, முன்னாடி என்ன ஆச்சு? வேணும்னே முகத்தை மறைக்கிறீங்களா? அடுத்த கடிதத்துல அப்பா முகம் தெளிவா இல்லேன்னா, வர்ற துறைமுகத்துல இறங்கிடுவேன்.” அம்மா இதை நாலு தடவை படித்தாள். அன்று மதியம் ஒரு புது மாப்பிள்ளையை லென்ஸ் மூடியைக் கழற்றாமலே நாலு படம் எடுத்தாள்.

மறுநாள் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது, அதை நான் எழுதக் கூடாது என்கிறாள். புதிதாக அப்பாவை எடுத்து, அதைத் தபால்தலை அளவுக்குக் காகிதத்தில் அச்சிட்டு, அந்தக் குட்டிப் படத்தை ஸ்கேன் செய்தாள். படம் சின்னது, அதனால் எடையும் சின்னதாக இருக்கும் என்பது கணக்கு. ஸ்கேனரோ எப்போதும் போல உச்சத் தெளிவில் இருந்தது. பதினாலு எம்பி வந்தது. அம்மா அந்தத் தபால்தலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நகத்தளவு இருக்கிற இந்த மனுஷனுக்கு இவ்வளவு கனமா என்று கேட்டாள். அப்பா மட்டும் பெருமையாக இருந்தார்.

அப்புறம்தான் நான் நூலகத்துக்குப் போய் மூன்று நாள் படித்தேன். நீ சிரிப்பாய் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். படம் என்பது புள்ளிகள். அம்மாவின் கேமரா குறுக்கே ஆறாயிரம் புள்ளி எடுக்கிறது, உன் கப்பல் கணினியின் திரை ஆயிரத்துச் சொச்சம்தான் காட்டும், மீதியெல்லாம் உனக்குத் தெரியாமலே பயணம் செய்து வந்து வீணாகப் போகிறது. ஆகவே முதலில் புள்ளிகளைக் குறைக்க வேண்டும், பிறகுதான் தரம், அதுவும் மூலப் படத்திலிருந்து ஒரே ஒரு தடவை. தரத்தைக் குறைக்கும்போது கணினி நம் கண் கவனிக்காததாகப் பார்த்து எடுத்துப் போடுகிறது. நிறத்தில் நுணுக்கமான வித்தியாசம் போனால் கண்ணுக்குத் தெரிவதில்லை, வெளிச்சமும் ஓரங்களும் போனால் உடனே தெரிந்துவிடும். இன்னொன்றும் படித்தேன், அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வெறும் சுவர் மாதிரி ஒரே சீராக இருக்கும் இடம் கொஞ்சம்தான் இடம் பிடிக்கும். இலை, புல், பூப்போட்ட துணி இதெல்லாம் அள்ளிச் சாப்பிடும்.

அந்த இலைத்திரை அம்மாவுக்கு என்ன என்று உனக்குத் தெரியும். ஸ்டூடியோ திறந்த வருஷம் அம்மா தன் கையால் வரைந்தது, உன் முதல் படமே அதன் முன்னால்தான். அதனால் வாயால் சொல்லாமல் எடுத்துக் காட்டினேன். அப்பாவை இலைத்திரைக்கு முன்னால் ஒன்று, பின்பக்கத்துச் சாம்பல் சுவருக்கு முன்னால் ஒன்று எடுக்கச் சொல்லி, இரண்டையும் ஒரே அளவு, ஒரே தரத்தில் சேமித்தேன். இலை இருநூற்றுப் பத்து கேபி, சுவர் எழுபத்து நாலு. அம்மா திரையைப் பார்த்தாள், திரும்பி இலைகளைப் பார்த்தாள். அப்பா சும்மா இருக்கலாம் இல்லையா. அவரோ, இந்த இலைக்காகத்தான் நான் கீழே விழுந்தேன், இப்போது பையனிடமிருந்தும் என்னை மறைக்கிறதா என்றார். அம்மா திரையைச் சுருட்டி மேலே கட்டினாள். ஏணியில் ஏறியது அம்மாதான், அப்பாவைப் பக்கத்தில் வரவே விடவில்லை. வெள்ளை மாவுக்கட்டு ஒரே சீராக இருப்பதால் அதற்கு இடமே தேவைப்படவில்லை என்று சொன்னேன், இந்த வீட்டில் என் கட்டைப் பாராட்டியது கணினி ஒன்றுதான் என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

எழுபத்து நாலு என்றதும் நான் முடிந்தது என்று நினைத்தேன். போன சனிக்கிழமை அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது, உனக்கு அது வந்திருக்காது. என் தவறு. மின்னஞ்சலில் ஏற்றும்போது படம் மூன்றில் ஒரு பங்கு ஊதிக்கொள்ளும் என்பது நான் விட்டுவிட்ட பக்கத்தில் இருந்தது. அதோடு கடிதத்தின் எழுத்துகளுக்கும் எடை உண்டு, தமிழ் எழுத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அம்மா சொன்னதோ ஒன்பது பக்கம். அதாவது அம்மா பேசப் பேச அப்பாவுக்கு இடம் குறைகிறது. இதைச் சொன்னபோது அப்பா கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இது தெரியும் என்றார்.

இப்போது நான் எழுதுவதை அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் எழுதுகிறேன். இன்று மதியம் அப்பாவின் முகத்தையும் தோளையும் மட்டும் வைத்துப் படத்தை வெட்டி, இரண்டு விதமாகச் சேமித்தேன். தரத்தை நூற்றுக்கு முப்பது வைத்தால் அம்மாவின் ஒன்பது பக்கமும் சேர்ந்து போகும். அறுபது வைத்தால் பாதிக் கடிதத்தைக் கழிக்க வேண்டும். முப்பதில் அப்பா நன்றாகத்தான் இருந்தார், கட்டம் எதுவும் இல்லை. புருவத்துத் தழும்பு மட்டும் கரைந்து போயிருந்தது. கல்யாணப் படங்களில் எத்தனையோ பேருடைய மருவையும் தழும்பையும் கேட்டபடி அழித்துக் கொடுத்தவள் அம்மா, இங்கே அவள் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. நாங்கள் மறைக்கவில்லை, நூறு கேபிதான் மறைத்தது என்று உன்னிடம் சொல்லிவிடலாம். இது அம்மாவுக்குத் தோன்றுவதற்கு முன்னால் எனக்கே தோன்றியது, உண்மையை எழுதுவேன் என்றதால் இதையும் எழுதுகிறேன். அம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பெரியவன் இதைக் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி பார்ப்பான் என்றாள். பிறகு, “அறுபதுலயே வை கண்ணு. நான் பேசறதைக் குறைச்சுக்கறேன்” என்றாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இதைக் கேக்கறதுக்கு நான் ஏணியிலேருந்து விழ வேண்டியிருந்துச்சு” என்றார். அம்மா சிரித்தாள், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

ஆகவே நாங்கள் மூவரும் உட்கார்ந்து கழித்தோம். சித்தி காரைத் தபால்பெட்டி மேல் ஏற்றிய கதை முழுவதும் போயிற்று, சித்தி நலம், தபால்பெட்டிதான் சாய்ந்துவிட்டது. நூலகத்து ஜன்னலைப் பற்றி நான் எழுதிய ஒரு பக்கமும் போயிற்று, அது நன்றாக இருந்தது. நடந்ததைச் சொல்லும் இடத்தில் மட்டும் அம்மா கைவைக்க விடவில்லை, ஒரு தடவை குறைத்துச் சொல்லிப் பட்டது போதும் என்கிறாள். அம்மாவின் புத்திமதிகள் மொத்தம் ஒன்பது, அவற்றில் மூன்றுதான் தேறின. ஈரச் சட்டையோடு இயந்திர அறையிலிருந்து மேலே காற்றில் வந்து நிற்காதே. கோபத்தில் பதில் எழுதாதே, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு எழுது. ஏணி எதுவானாலும் இரண்டு கையாலும் பிடி. மற்ற ஆறும் உனக்கே மனப்பாடம் என்பதால் அனுப்பவில்லை, அவற்றை நீயே அம்மா குரலில் சொல்லிப் பார்த்துக்கொள். படங்களும் இப்படித்தான் போய்ச் சேர்கின்றனவாம், விட்டுப்போனதைப் பார்க்கிறவன் கண் நிரப்பிக்கொள்ளுமாம்.

படத்தைத் திற அண்ணா. அப்பா இந்த முறை நேராக உன்னைப் பார்க்கிறார். சவரம் செய்துவிட்டது நான், காதோரம் ஒரு பக்கம் ஏறி இருந்தால் பொறுத்துக்கொள். புருவத்தில் ஒரு சின்னக் கோடு தெரிகிறதா, அதுதான், அவ்வளவுதான். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். பார்த்து முடித்தபின் துறைமுகத்தில் இறங்காதே, நாலு மாதத்தை முடித்துத் தேர்வு எழுதிவிட்டு வா. இது அம்மா சொன்னது, அப்பா தலையாட்டியது. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியும், கடலும் இயந்திரமும் உன்னிடம் சாந்தமாக நடந்துகொள்ளும் என்று இருவரும் மனசார வாழ்த்துகிறார்கள். மறக்காமல் இந்த வாரக் கடிதத்தில் இறங்க மாட்டேன் என்று ஒரு வரி எழுது, அதற்கு ஒரு கேபிகூட ஆகாது.

அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இதற்கு மேல் ஒரு பத்தி போட்டால் அப்பாவின் தழும்பைக் குறைக்க வேண்டிவரும் என்று சொன்னேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

இப்படிக்கு,
பாதியைச் சொல்லாமல் விட்ட உன் அம்மா,
படத்தில் இருக்கும் அப்பா,
அவர்களுக்காக எழுதிய தங்கை.

படம் எடுக்கும் பெரிய விளக்குகள் இரண்டையும் அம்மா இப்போதுதான் அணைத்தாள்.