ஸ்டெல்லா பார்த்த மஞ்சள்தொண்டைச் சின்னான்

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. கம்பைநல்லூரில் என் ஜவுளிக்கடையைத் திறக்கும் முன் இன்றும் ஏரிக்கரைக்குப் போகிறேன். பைனாகுலரோடு தனியாக நிற்கும் பொம்பளையைப் பார்த்து இன்னமும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

செய்தி கேள். பறவைகளின் பெயர்ப்பட்டியலை மறுபடியும் திருத்திவிட்டார்கள். நம் உண்ணிக்கொக்கு இப்போது கிழக்கத்திய உண்ணிக்கொக்கு. பெயர்தான் நீண்டது, மாட்டின் பின்னால் அலைவதை அது விடவில்லை. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் வசதி என் போனுக்கும் வந்தாயிற்று. அணில் கத்தினாலும் கூசாமல் ஒரு பெயரைச் சொல்கிறது. நீ இருந்தால் அதோடு சண்டைக்குப் போயிருப்பாய், இல்லையா?

உன் சண்டையை இப்போது நான் போடுகிறேன். நான் வராத அன்று தீர்த்தமலைப் பாறையில் நீ பார்த்தாயே மஞ்சள்தொண்டைச் சின்னான், அதை நாம் பதிவு போடும் இணையதளத்தில் இன்னும் ஏற்கவில்லை. படம் இல்லையாம். 'ஏதோ ஒரு சின்னான்' என்று மாற்றச் சொல்லி, பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து உன் போனுக்குச் செய்தி வந்தது. நீ இல்லையென்று அவருக்கு எப்படித் தெரியும்? உன் வீட்டுக்காரர் போனோடு கடைக்கே வந்துவிட்டார்.

"ஒரு குருவிக்கு எதுக்குங்கக்கா வம்பு, மாத்தி வுட்டுருங்க."

மாட்டேன் என்றேன்.

விடாமல் தீர்த்தமலை ஏறினேன். போன மாதம் அதே பாறைப் புதரில் அது கூவியது. ஒலிப்பதிவு செய்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள், என் பதிவை மட்டும். நீ பார்த்தது வேறு நாளாம், அதற்கு வேறு சாட்சி வேண்டுமாம்.

இன்னொன்றும் நடந்தது. சேர்ந்து போனவர்கள் ஒரே பதிவைப் பகிர்ந்துகொள்வது நம் வழக்கம் அல்லவா? அன்றும் பழக்கதோஷத்தில் உன் பெயரையும் சேர்த்துவிட்டேன். ஸ்டெல்லாவும் உடன் வந்தாரா என்று சரிபார்ப்பவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். பிறகு உன் பெயரை நானே எடுத்தேன்.

என்மேல் கோபமா? இருக்காது. முதல்முதலில் ஏரிக்குப் போன அன்றே நீ கறாராகச் சொன்னதுதானே:

"பாக்காதத பாத்தேன்னு எழுதாதீங்கக்கா. பாத்தத பாக்கலன்னும் எழுதாதீங்க."

முதல் பாதியைச் செய்துவிட்டேன். இரண்டாவது பாதிக்கு இது என் வாக்கு: உன் பதிவில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். 'உறுதியாகாதது' என்றே கிடக்கட்டும். யார் எத்தனை முறை கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். ஸ்டெல்லா பார்த்தாள்.

நீ வாய் நிறைய அழைத்த
உன் அக்கா பாத்திமா