இரண்டு விரல் ஆழம்

செப்டம்பர் 3

அன்புள்ள சுண்டு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் நான் பேனாவை எடுத்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

துறைமுக விரிகுடாவில் இரண்டு பருவமாகக் கடற்புல் விதைக்கிறோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. நீ விதைத்த கழிமுகத்தில் மட்டும் புல் அடர்ந்து நிற்கிறதாம், அதற்குள் மீன்குஞ்சும் நண்டும் நெரிகின்றனவாம். நம் புத்தகத்தில் உள்ளபடிதான் செய்கிறோம்: இரண்டு விரல் ஆழம். முக்குளிப்பவர்கள் இரண்டு விரலையும் சேற்றில் அடிவரை இறக்கி, அந்தக் குழியில் விதையைப் போடுகிறார்கள். வேறென்ன குறை? அடுத்த வசந்தத்திலும் முளைக்காவிட்டால் திட்டத்தையும் நாற்காலியையும் சேர்த்தே பிடுங்கிவிடுவார்கள். பழசையெல்லாம் மனதில் வைக்காமல் ஒரு வரி எழுது.

என்றும் உன்,
நான்


செப்டம்பர் 19

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. அந்தச் செல்லப்பெயர் விவாகரத்தோடு காலாவதியாகிவிட்டது.

'நம் புத்தகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் வந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வருடக்கணக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அந்த முறையைக் கண்டுபிடித்தவளுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'தேநீருக்கும் பொறுமைக்கும் என் மனைவிக்கு நன்றி.' தேநீர் போட்டவளிடம் போய் விதைக்கும் ஆழம் கேட்கலாமா?

அடுத்த பதிப்பில் என் பெயரைப் போடுவதாக எழுதிக் கொடுங்கள். அன்றே பதில் வரும்.

தங்கள் உண்மையுள்ள


அக்டோபர் 2

அன்புள்ள சுண்டு (பழக்கதோஷம், விட்டுவிடு),

பெயர், பெயர் என்று இன்னும் அதையே பிடித்துத் தொங்குகிறாயே. புல் முளைப்பதுதானே முக்கியம். பெயர் ஒரு பொருட்டா? இப்போது சேர்த்தால் ஆயிரம் கேள்வி வரும். வேண்டுமானால் உனக்கான நன்றியை இரண்டு வரியாக்குகிறேன்.

மாதக் கடைசியில் இறங்குகிறோம். அலை அரித்துக்கொண்டு போகிறதோ என்ற சந்தேகத்தில், இந்த முறை மணிக்கட்டுவரை இறக்கச் சொல்லியிருக்கிறேன். மூத்த முக்குளிப்பவர், "விதைக்கிறோமா சார், இல்ல புதைக்கிறோமா?" என்று கேட்டார். படகே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மணிக்கட்டு சரிதானே? சரி என்றால் நீ பதில் எழுதவே வேண்டாம்.

உன்,
நான்


மே 11

இயக்குநராக இருந்தவருக்கு,

நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது உங்கள் பழைய வழக்கம். அது எனக்கும் ஒருமுறை பயன்பட்டது.

நேற்று விரிகுடாவில் இறங்கிப் பார்த்தேன். வெறும் சேறு. மணிக்கட்டுவரை கையை விட்டுத் துழாவியதில் உங்கள் விதைகள் அகப்பட்டன. அழுகியிருந்தன.

இனிச் சொல்லலாம். அந்த அளவை நான் சொன்னது நம் சமையலறையில், சோறு வைத்துக்கொண்டிருந்தபோது. "விதைக்கு ரெண்டு விரல் ஆழம் போதும்" என்றேன். நீங்கள் மேசையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டீர்கள். அரிசிக்கு மேல் தண்ணீர் ரெண்டு விரல் என்றால் விரலைப் படுக்கவைத்து அதன் அகலத்தால் அளப்பார்கள். ஒருநாளாவது அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் விரலைக் குத்தி நிறுத்திவிட்டீர்கள். அரிசியளவு விதை, பாவம், அவ்வளவு சேற்றைத் தள்ளிக்கொண்டு எப்படி வெளியே வரும்?

கடலுக்கு ஒரு பருவம் வீணானது உறுத்துகிறது. உங்களைப் பற்றி எதுவும் உறுத்தவில்லை.

விரிகுடா இப்போது என் பொறுப்பில். என் புத்தகமும் அச்சுக்குப் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு வரி உண்டு: 'எந்த ஆழத்தில் முளைக்காது என்பதைச் செய்து காட்டியதற்காக என் முன்னாள் கணவருக்கு நன்றி.'

பெயர் போடவில்லை. அது ஒரு பொருட்டில்லை என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்.

இப்படிக்கு,
தேநீர் போட்டவள்