அப்பா எழுதிவைத்த பிரவுனிங்

பெர்மாஸ் ஜெயா, ஜொகூர்
12 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிரேமளா எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருடங்களில் இது இரண்டாவது கடிதம். உங்கள் முகவரியை ஆயர் ஈத்தாமில் பூச்சட்டிக் கடை வைத்திருக்கும் காளியம்மாவிடம் வாங்கினேன். உங்கள் கொழுந்தியாள் ஆயிற்றே, என்ன சொல்வாரோ என்று தயங்கித்தான் போனேன். ஒன்றும் கேட்கவில்லை. பில்லின் பின்பக்கம் முகவரியை எழுதிக் கொடுத்தார், இரண்டு பூச்சட்டியையும் என் தலையில் கட்டிவிட்டார்.

அப்பா பிப்ரவரி ஐந்தாம் தேதி காலமானார். தொண்ணூற்று மூன்று வயது. பதினோரு நாள்தான் படுக்கையில் கிடந்தார். சித்தப்பா மகன் சதாசிவம் கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அம்மா போனபோது எழுதியும் வராதவர் இதற்கா வரப்போகிறீர்கள் என்றுதான் உடனே தேடவில்லை. மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உயிலில் வீட்டை எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கைத்துப்பாக்கியை உங்களுக்கு எழுதியிருக்கிறார். ரப்பர் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாகக் கணக்கு வழக்குப் பார்த்தபோது, பேங்கிலிருந்து சம்பளப் பணம் கொண்டுவரும் நாளில் இடுப்பில் கட்டியிருப்பாரே, அதுதான். லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. போலீசில் சொல்லிவிட்டேன். அவர்கள் கடிதத்தோடு, அப்பா வழக்கமாகப் போகும் துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்கப் போகிறேன். ஆகஸ்ட் கடைசி வரை தவணை. அதற்குள் நீங்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வைத்துக்கொள்வதா, விற்பதா, போலீசிடம் விடுவதா என்பது உங்கள் இஷ்டம். வக்கீல் லோகேஸ்வரனுக்குச் சொத்துப் பட்டியலில் காட்ட, அது என்ன ரகம், என்ன விலை பெறும் என்று தெரிய வேண்டுமாம். எனக்கு அதில் எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் வால் என்பதோடு சரி.

வாருங்கள் அண்ணா. எனக்கென்று கூடப்பிறந்தது நீங்கள் ஒருவர்தான். உங்கள் அறையில் தையல் மெஷின் கிடக்கிறது, ஒதுக்கிவிடலாம்.

அன்புத் தங்கை,
பிரேமளா

பி.கு. என் கைப்பேசி எண்ணைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.


பெர்த், ஆஸ்திரேலியா
28 மார்ச் 2024

பிரேமளாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா செய்தியை வாசித்துவிட்டு மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்றுதான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

போன் வேண்டாம். குரலைக் கேட்டால் நான் பழையதெல்லாம் பேசுவேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் இருக்கும்.

அதை எனக்கா எழுதிவைத்தார்? கடைசிவரை குசும்பு குறையவில்லை. வாசலில் நீயும் நின்றாய், மறந்திருக்க மாட்டாய். தைப்பூசத்துக்கு மறுநாள். பதிவுத் திருமணம் முடித்துவிட்டு மலரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காளியப்பன் மகள் கிராணி வீட்டுக்கு மருமகளா என்று கத்திவிட்டு உள்ளே போனார். துப்பாக்கியோடு வந்தார். என் நெற்றிக்கு நேரே பிடித்தார், அப்புறம் மலர் நெற்றிக்கு. "இனி இந்த கேட்டுக்குள்ள கால் வச்சா ரெண்டு பேரையும் சுட்டுப்போட்டு நானே போலீசுக்குப் போவன்" என்றார்.

அம்மா செத்தபோது ஏன் வரவில்லை என்று குறைப்படுகிறாய். டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். மலர் பாஸ்போர்ட்டை ஒளித்துவைத்துவிட்டாள். "ஒரே வாரத்துல ரெண்டு சாவு என்னால தாங்க முடியாதுங்க" என்று அழுதாள். அப்பா சொன்னால் செய்வார் என்று எனக்கும் பயம் இருந்தது. போகவில்லை.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் ரோய் பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். இவற்றை எழுது, அவரிடம் கேட்கிறேன்: பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்துகள், நம்பர், நீளம், நிறம், கைப்பிடியில் என்ன இருக்கிறது. முக்கியமான ஒன்று, அதைச் சுத்தம் கித்தம் செய்து வைக்காதே.

சிவகணேசன்


பெர்மாஸ் ஜெயா
10 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே நான் சுத்தம் செய்து, கடையிலும் கொடுத்துவிட்டேன்.

கோபிக்காதீர்கள். அம்மா வருடா வருடம் சரஸ்வதி பூசைக்கு உங்கள் பாடப்புத்தகம், என் வயலின், அரிவாள்மணை இவற்றோடு அதையும் வைத்துச் சந்தனம் குங்குமம் பூசுவார் இல்லையா? எழுத்து இருந்த பள்ளமெல்லாம் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது. இந்தக் கோலத்தில் கடைக்குக் கொண்டுபோனால் மானம் போகும் என்று, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கருநீலமாக இருந்தது இப்போது எவர்சில்வர் டம்ளர் நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

எழுத்துகளைக் குறித்து வைத்திருந்தேன். 'ஃபாப்ரிக் நாசியோனால்' என்று தொடங்குகிறது. ஹெர்ஸ்டால், பெல்ஜிக் என்று இரண்டு ஊர்ப்பெயர்போல் வருகிறது. கீழே பிரவுனிங். கைப்பிடியில் எஃப், என் இரண்டு எழுத்தும் பின்னிக்கொண்டு இருக்கின்றன. நம்பரைத் தனியாக எழுதியிருக்கிறேன். தையல் டேப்பால் அளந்தேன், சரியாக ஆறு அங்குலம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை லண்டனிலிருந்து தனக்கென்றே வரவழைத்துக் கொடுத்தது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாரே. லண்டன் என்று எங்கேயும் இல்லை.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காளியம்மா சொன்னார்.

அன்புடன்,
பிரேமளா


பெர்த்
2 மே 2024

பிரேமளாவுக்கு,

ரோயிடம் காட்டினேன். பார்த்தவுடன் சொல்லிவிட்டார். பெல்ஜியத்தில் செய்தது, 1910 மாடல் பிரவுனிங், 7.65 மில்லிமீட்டர். நம்பரை வைத்துப் பார்த்தால் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு செய்ததாக இருக்கலாமாம். லட்சக்கணக்கில் செய்தார்கள், அபூர்வமான சரக்கு இல்லை. துரை எங்கேயோ பழையதாக வாங்கி அப்பா தலையில் கட்டியிருக்கிறார்.

பழைய கருநீலப் பூச்சு அப்படியே இருந்தால் இங்கே எண்ணூறு டாலர் சொல்லலாமாம். புளி போட்டுத் தேய்த்ததைச் சொன்னேன். புளி என்றால் என்ன, அதை ஏன் துப்பாக்கியில் போட வேண்டும் என்று விளக்கவே அரைமணி நேரம் ஆனது. பாதி விலை போனது என்றார். அப்புறம் சந்தனக் கதையைச் சொன்னேன். மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மாவைப் பற்றி ஒருவரிடம் பேசியிருக்கிறேன்.

கடைக்காரரை உள்ளேயும் திறந்து பார்த்து எழுத்தில் தரச் சொல். அதுதான் சரியான மதிப்பீடு.

இன்னொன்று. ஆகஸ்டில் லீவு எடுக்கலாமா என்று மலர் கேட்டாள். எடுக்கலாம் என்றேன். வர நினைக்கிறோம்.

சிவகணேசன்


பெர்மாஸ் ஜெயா
24 மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடைசி வரியைப் பத்துத் தடவை வாசித்தேன். தையல் மெஷினைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். புது மெத்தைக்கும் சொல்லியாயிற்று.

துப்பாக்கிக் கடைக்காரர் கோ திறந்து பார்த்தார். அவர் தோட்டத்து மளிகைக் கடைக்காரர் மகன், சீனர் என்றாலும் தமிழ் தண்ணியாகப் பேசுவார். "அம்மா, இது சுடாது லா. தோட்டா பின்னாடி அடிக்கிற ஊசி உள்ள இல்ல. எப்பவோ கழட்டிட்டாங்க" என்றார். இந்த நிலையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகுமாம். அறுநூறு ரிங்கிட் மதிப்புப் போட்டிருக்கிறார். அவர் கொடுத்த மூன்று தாள்களையும் இதோடு வைத்திருக்கிறேன்.

பாருங்கள் அண்ணா. அன்றைக்கு அப்பா உங்களைச் சுட்டிருக்கவே முடியாது. வெறும் மிரட்டல். அதை உங்களுக்குக் காட்டத்தான் உங்கள் பெயருக்கு எழுதிவைத்தாரோ என்னவோ. இனி அந்தப் பயத்தையும் கோபத்தையும் விட்டுவிட்டு வாருங்கள். எத்தனை மணிக்கு இறங்கினாலும் செனாய் விமான நிலையத்தில் நான் நிற்பேன்.

அன்புடன்,
பிரேமளா


பெர்த்
15 ஜூன் 2024

பிரேமளாவுக்கு,

காட்டத்தான் எழுதிவைத்தார் என்கிறாய். அவருக்கு முப்பத்து மூன்று வருடம் இருந்தது, வாயும் இருந்தது.

ஊசி இல்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. மலருக்கும் தெரியாது. இன்றைக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டாள்.

மூன்றாவது தாள் கடையின் பழைய பதிவேட்டு நகல். மலர்தான் முதலில் பார்த்தாள். 19 அக்டோபர் 1988, உரிமையாளர் கேட்டபடி ஊசி கழற்றப்பட்டது. கழற்றிய ஊசியைப் பெற்றுக்கொண்டவர்: த. பிரேமளா, மகள். கீழே உன் கையெழுத்து.

நாங்கள் வாசலில் நின்றது 1991. அம்மா போனது 1999.

இரண்டு தடவையும் உனக்குத் தெரியுமா? ஒரு வரியில் பதில் போதும்.

சிவகணேசன்


பெர்மாஸ் ஜெயா
27 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தெரியும்.

ஒரு வரி போதும் என்றீர்கள். எனக்குப் போதவில்லை, மன்னித்து வாசியுங்கள்.

தோட்டத்தை விட்டு இங்கே வந்த புதிதில், துடைக்கும்போது வெடித்து அப்பாவின் அறைச் சுவரில் ஓட்டை விழுந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பாவைக் கார் ஓட்ட விடவில்லை. நான்தான் காரில் கடைக்குக் கூட்டிப்போனேன். ஊசியைக் கழற்றி என் கையில் வாங்கிக்கொண்டு, வெறும் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். "கிராணியாற்ற துவக்கு பொம்மைத் துவக்கு எண்டு தோட்டம் முழுக்கச் சிரிப்பினம். ஒருத்தரிட்டயும் மூச்சு விடாதை" என்றார். ஓட்டையை மறைக்கக் காலண்டர் மாட்டினோம். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே வாசலில் சொல்லியிருப்பார்.

நான் சொல்லவில்லை. அந்த மாதம் சிரம்பானிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நீங்கள் பதிவுக்கு எழுதிக்கொடுத்த செய்தி அவர்கள் காதுக்குப் போனதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நீங்கள் வந்து நிற்பதற்கு ஒரு நாள் முன்னால்தான் அந்தப் பதில் வந்தது. அப்பா துப்பாக்கியைத் தூக்கியபோது, பயப்படட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

அம்மா போனதை எழுதியபோது அப்பா பக்கத்தில் இல்லை. கூடத்தில் படுத்திருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து எழுதினேன். 'துப்பாக்கி சுடாது, வாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். யோசித்தேன். சேர்க்கவில்லை. வராவிட்டால் கெட்ட பெயர் உங்களுக்குத்தானே என்று நினைத்தேன். இந்த மார்ச் மாதம் கூட 'எழுதியும் வராதவர்' என்று எழுத எனக்குக் கை கூசவில்லை.

நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியதும் பொய். வக்கீல் மூலம் தபாலில் அனுப்பினாலே போதும். வர வைக்க வேறு வழி தெரியவில்லை.

பதிவேட்டுத் தாளும் வேண்டுமா என்று கோ கேட்டார். வேண்டும் என்றேன். உங்களுக்கு எழுதும்போது அதை எடுத்து வெளியே வைத்தேன், திரும்ப உறைக்குள் போட்டேன். வாயால் சொல்லும் துணிச்சல் இல்லை.

மலர் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடம் கேட்க எனக்கு முகம் இல்லை.

பிரேமளா


பெர்த்
20 ஜூலை 2024

பிரேமளாவுக்கு,

பதில் எழுத மூன்று வாரம் ஆனது. எழுதிக் கிழித்தவை நான்கு.

எனக்குக் கோபம் இருக்கிறது. அது சீக்கிரம் போகும் என்று தோன்றவில்லை. அப்பாவை விடு, அவர் அப்படித்தான். நான் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அந்த வாசலில்தான். அதற்கு நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மலரிடம் சொன்னேன். அவள் உன் கடிதத்தை மறுபடி வாசித்தாள். "அந்தத் தாள எடுத்துட்டு அனுப்பியிருந்தா நமக்கு எப்பவுமே தெரிஞ்சிருக்காது. தெரியாம அவங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருப்போம்" என்றாள். டிக்கெட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலை, கோலாலம்பூர் வழியாகச் செனாயில் இறங்குகிறோம். நீ விமான நிலையத்துக்கு வர வேண்டாம், காளியம்மா வருகிறாள். ஜொகூர் பாருவில் ஓட்டலில் அறை போட்டிருக்கிறோம். மெத்தை வீணாகிறதே என்று வருத்தப்படாதே, நீ படுத்துக்கொள்.

துப்பாக்கியை நான் வைத்துக்கொள்ளவும் போவதில்லை, விற்கவும் போவதில்லை. திங்கட்கிழமை போலீசிடம் நேரில் கொடுத்து, நானே கையெழுத்துப் போடுகிறேன். பட்டியலில் விலை ஒன்றுமில்லை என்று போடச் சொல்லி லோகேஸ்வரனிடம் சொல்.

ஞாயிறு பத்து மணிக்கு வீட்டுக்கு வருவோம். மலரோடு கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சமைத்து வைக்காதே. இந்த முறை உன் வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். கோப்பி மட்டும் குடிக்கலாம் என்கிறாள் மலர். அவளுக்குச் சீனி போடாதே, இனிப்புநீர் வியாதி இருக்கிறது.

அண்ணன்,
சிவகணேசன்