சிலோன்காரருக்குப் போட்ட கதிரை

திருகோணமலை,
12.03.1974

அன்புள்ள தம்பி டொமினிக்குக்கு,

கப்பலிலும் கரையிலும் மாதா உமக்குத் துணை நிற்பாராக. லிவர்பூலிலிருந்து நீர் போட்ட கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பிள்ளைகள் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு றுக்கியா தயிர்ச்சட்டியோடு வந்து, நான் மெலிந்த மெலிவுக்கு என் சேட்டுக்குள் இன்னொரு கிறிஸ்தோபருக்கும் இடமிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

உமது அக்கா எல்சி கடைசியாக என்ன சொன்னா என்று கேட்டிருந்தீர்.

சீனன்குடா முகாம் வாசலில் உள்ளே போவோருக்குப் பாஸ் எழுதுகிற என்னை இங்கே ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எல்சியின் நெஞ்சு வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்க மதராசுக்குப் போனோமே, அங்கே சிலோன் என்று வாய் திறந்ததும் ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தேநீர்க்கடைக்காரர் தான் உட்கார்ந்திருந்த கதிரையையே எனக்குத் தந்தார். இலங்கை வானொலி கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. அறிவிப்பாளர்களைத் தெரியுமா என்றார்கள். ஒருவர் என் ஒன்றுவிட்ட தம்பி என்றேன். வானொலி நிலையத்தின் வாசல் கேற்றைக்கூட நான் கண்டதில்லை. அடுத்த நாள் கூட்டம் இரட்டித்தது. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் பெயர்கள் எழுதித் தந்தார்கள். பெரிய மனிதன்போல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஆறாம் நாள் காலை எல்சி, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கெதியா வாங்கோ என்றாள். அன்று நான், அந்த வானொலித் தம்பி சிறுவயதில் கோணேசர் மலையடியில் அலைக்கு மேலாகக் கத்திக் குரல் பழகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல கதை, நடுவில் எழும்ப மனம் வரவில்லை.

திரும்பிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை. தாதி, உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாங்க, ஆள் அனுப்பினேனே என்றார். ஆள் வந்துதான் இருக்கிறார், தம்பி. சிலோன்காரர் கதையை முடிக்கட்டும் என்று மரியாதையாகக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். முடிந்ததும் அவர் என் கையில் வைத்தது தன் மகளின் பெயர் எழுதிய துண்டு. பிறகுதான் வந்த அலுவலைச் சொன்னார்.

அந்தப் பெயர்களையெல்லாம் தபாலட்டையில் எழுதி வானொலிக்கு அனுப்பிவிட்டேன். அந்த மகளின் பெயரை மட்டும் எழுத ஏலவில்லை.

ஆகவே அக்கா கடைசியாகச் சொன்னதைக் கேட்க நான் பக்கத்தில் இருக்கவில்லை. அங்கே எவராவது உமது நாட்டின் பெயரைக் கேட்டு முகம் மலர்ந்து கதிரை போட்டால், இருக்க வேண்டாம்.

கோபமென்றால் கோபமாகவே எழுதும், எழுதாமல் மட்டும் விடாதேயும். பிள்ளைகள் மாமாவைக் கேட்கிறார்கள். கெதியாய் வாரும்.

உம்முடைய அத்தான்,
கிறிஸ்தோபர்