இணையில்லாத பிரேக்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

இங்கே அம்மா சுகம், நானும் சுகம், தூக்கம் மட்டும் நேற்றிலிருந்து வரவில்லை, காரணம் கொசு இல்லை, உன் கம்பெனி லிஃப்டுக்கு நீ எழுதிய அந்தப் பளபளப்பு விளம்பரப் புத்தகம். அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சளி விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டாயிற்று. எத்தனை தடவை கூப்பிட்டாலும் நீ போனை எடுக்கவில்லை, அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன கடிதத்தில் எனக்கு வகுப்பே எடுத்திருந்தாய். 'பியர்' என்றால் லத்தீன் வழியில் சமம், ஆகவே 'பியர்லெஸ்' என்றால் இணையில்லாதது, 'ரைவல்' என்பவன் ஆதியில் ஒரே ஓடையில் தண்ணீர் எடுத்தவன், 'அன்ரைவல்டு' என்றால் அந்த ஓடைக்கு வேறு ஆளே கிடையாது. நன்றாகத்தான் இருந்தது, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், நாப்பது வயசுல இந்த மனுஷனுக்கு இங்கிலீஷ் பாடம் என்று சிரித்தாள். உன் புத்தகத்தில் ஒரு பிரேக்குக்கு ஒரே பக்கத்தில் ஐந்து அடைமொழி எதற்கு என்பதுதான் அப்போதே உறுத்தியது. நல்ல போல்ட்டை யாரும் ஈடு இணையற்ற போல்ட் என்று சொல்வதில்லை, போல்ட் என்றுதான் சொல்கிறோம்.

அம்மா வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக் கட்டடத்தில் உங்கள் லிஃப்டை மாட்டியிருக்கிறார்கள், லிஃப்ட் மெக்கானிக் என்று, சோதித்துக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். மேலே மோட்டார் அறையில் உன் 'பியர்லெஸ்' ஞாபகம் வந்தது, அப்படி என்ன பெரிய பிரேக் என்று மூடியைக் கழற்றினேன். நீ எழுதியது அட்சரம் பிசகாத உண்மை. இணை இல்லை. லிஃப்ட் பிரேக்குக்கு இரண்டு கை இருக்க வேண்டும், ஒன்று பிடிக்காவிட்டால் மற்றது தனியாகப் பிடித்து நிறுத்தும். உங்கள் ஆட்கள் ஒற்றைக் கையோடு அனுப்பியிருக்கிறார்கள், அதிலும் எண்ணெய் வழிகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களை இதில் ஏற்றுவதா? கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி மின்சாரத்தைத் துண்டித்தேன். கட்டடச் செயலாளர், அம்மா அங்கே காட்டி வைத்திருந்த உன் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, உங்க பொண்ணே எழுதியிருக்கே சார், அப்புறம் உங்களுக்கு என்ன என்று கேட்டார். புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அருவருப்பாக இருந்தது, அவர் மேல் அல்ல.

உன் மேல் கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ பிரேக்கைப் பார்த்ததில்லை, அவர்கள் கொடுத்த படத்தைத்தான் பார்த்தாய், சரி. இப்போது தெரிந்துவிட்டது அல்லவா. 'எக்ரீஜியஸ்' என்று ஒன்று சொல்லியிருந்தாயே, மந்தையை விட்டுத் தனித்து நிற்பது, ஒரு காலத்தில் பாராட்டு, இன்றைக்கு வசவு என்று, வேண்டுமானால் அதைப் போடு, பொருந்தும். நான் எடுத்த படங்களையும் அனுப்பியிருக்கிறேன், நாளையே மேலதிகாரி மேஜையில் வை, விற்றதற்கெல்லாம் இரண்டாவது கையைப் பொருத்தும்வரை உன் எழுத்து வெளியே போகக் கூடாது என்று சொல். மழுப்பினால் அங்கே லிஃப்ட் சோதனை அலுவலகம் இருக்கும், நேராகப் போ. வேலை போனால் போகட்டும், உன் அறையில் அம்மா தையல் மெஷினைப் போட்டிருக்கிறாள், ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம். இருபது வயதில் அப்பன் ஆனவன் நான், இன்னும் உழைக்கத் தெம்பு இருக்கிறது.

இதுவரை எழுதியதை அம்மா படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவ ஆபீஸ் பதினோராவது மாடிதானே, அங்கயும் இதே லிஃப்டுதான்னு பெருமையா சொன்னாளே என்று கேட்டாள். மோட்டார், எண்ணெய், வார்த்தை என்று இவ்வளவு எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை.

நல்ல ஆயுசோடு இரு, தைரியமாக இரு. மறக்காதே, நாளைக்குப் படியில் ஏறு. மூச்சு வாங்கினால் மாடிக்கு மாடி நின்று போ, மேலே போனதும் முதலில் அம்மாவுக்குப் போன் பண்ணு, மேலதிகாரியைப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
எல்லார் வீட்டிலும் இருப்பது போன்ற
ஓர் அப்பா