கயிறு கேட்ட ஆறு

அன்புள்ள சூசை அத்தான்,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீங்கள் இறந்தபோது ஞானம்மா அக்காவின் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு வருகிற மாதம் கல்யாணம். உங்கள் முகம், உங்கள் நாக்கு அவளுக்கு. கோயிலில் தாய்மாமன் இடத்தில் யார் நிற்பது என்பதில்தான் இப்போது வீட்டில் சண்டை. அக்காவுக்கும் எனக்கும் நடுவே பிறந்த பெரியண்ணன் நிற்க வேண்டும் என்கிறாள் அவள். கூடாது என்கிறேன் நான்.

போன வாரம் அக்காவும் உங்கள் மகளும் நானும் அந்த அணைக்குப் போனோம். அப்பா செத்த இடத்தைப் பார்க்காமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று உங்கள் மகள் நின்றுவிட்டாள். அணையடியில் பூங்கா வைத்திருக்கிறார்கள் அத்தான். ஊஞ்சல், சிமெண்ட் மான், ஐஸ் வண்டி. மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்களைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, டேம் கெண்டை, இப்பத்தான் போட்டது. ருசி பாத்துட்டுப் போங்க."

"கடக்கரைக்காரங்களுக்கே மீன் விக்குதாங்க பாருங்க மாமா" என்று உங்கள் மகள் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீரில் வளர்ந்த எதையும் அவள் வாயில் வைப்பதில்லை. குடிதண்ணீரைத்தான் அவளால் விலக்க முடியவில்லை. தூத்துக்குடியில் குழாயைத் திறந்தால் வருவது அதே ஆறுதானே?

வாசலில் ஒரு பலகையில் அணையின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன் என்பதால் நின்று படித்தேன். யார் திட்டம் போட்டது, யார் திறந்துவைத்தது, எந்தெந்த ஊர்களுக்குப் பாசனம், எங்கெல்லாம் மின்சாரம். ஒன்றும் பொய்யில்லை. ஸ்ரீவைகுண்டத்து வயல்களில் காரும் பிசானமுமாக இரண்டு போகம் விளைவது அந்தத் தண்ணீரால்தான். துறைமுகத்தைச் சுற்றி நிற்கும் ஆலைகளின் தாகம் அடங்குவதும் அதனால்தான். மழைக்காலத்தில் கரையை உடைத்துக்கொண்டு, கோடையில் இளைத்துக் கிடந்த ஆற்றைப் பிடித்து நிறுத்தியது பெரிய காரியம். என் மாணவர்களுக்கு நான் அப்படித்தான் சொல்கிறேன்.

கடற்கரையில் அந்த வரலாற்றை வேறு மாதிரி சொல்வார்கள். ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வருவது குறைந்த பிறகுதான் கடலடிப் பாறைகளில் முத்துச் சிப்பி அற்றுப்போனது என்பார் உங்கள் தகப்பனார். அதற்கு ஆதாரம் இல்லை என்று அவரிடம் நான் வாதாடியிருக்கிறேன். எப்படியோ முத்து போயிற்று. அவர் பிள்ளையான நீங்கள் சங்குக்கு மூழ்கினீர்கள். சங்குக்கு மூழ்கியவரை அணைக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பலகையில் நீங்கள் இல்லை அத்தான்.

நீங்கள் இறந்த வருடம் வெள்ளத்தில் வந்த மரமொன்று மதகு வாயில் சிக்கிக்கொண்டது. மதகுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கதவு; தண்ணீர்ப் பக்கத்து முன்கதவு பாதியில் நின்றுவிட்டது. கார் சாகுபடிக்கு வைத்திருந்த தண்ணீர் வீணாக ஓடியது. ஆழத்தில் இறங்கி வேலை செய்ய ஆள் தேடி ஒப்பந்தக்காரர் நம் கடற்கரைக்கு வந்தார். "பின்கதவ அடைச்சாச்சு. இழுப்பே இருக்காது. கெணத்துல குளிக்கிற மாதிரிதான்" என்றார். நீங்கள் போனீர்கள். கயிறு பிடிக்கப் பெரியண்ணன் உங்களோடு வந்தார்.

மூழ்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? நீங்களும் அவரும் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் கயிற்றில்தான். வெடுக்கென்று இழுத்தால், தூக்கு. நீளமாக, நிதானமாக இழுத்தால், இன்னும் கீழே போகிறேன், கயிறு கொடு. கடலுக்கு அடியில் அப்படி இழுக்கக்கூடியது மனிதக் கை ஒன்றுதான். நீரோட்டம் இழுத்தால் வள்ளத்தையும் சேர்த்தல்லவா இழுக்கும்?

அணை வள்ளம் இல்லை. அது அசையாது.

காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு நீங்கள் இறங்கி மரத்தை அசைத்திருக்கிறீர்கள். அடைத்ததாகச் சொன்ன பின்கதவு முழுதாக அடைபட்டிருக்கவில்லை. திறந்துகொண்ட வழியில் தண்ணீர் உங்களை உள்ளே வாங்கத் தொடங்கியது. மேலே பெரியண்ணனின் கையில் கயிறு நீளமாக, நிதானமாக இழுபட்டது. நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைத்து அவர் கொடுத்தார். மறுபடி கேட்டது. மறுபடி கொடுத்தார். "அத்தான் இன்னிக்கு நல்ல ஆழம் போறாரு" என்று பக்கத்தில் நின்றவனிடம் பெருமையாகச் சொன்னாராம். கயிறு தீர்ந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது.

உங்களை மதகின் மறுபக்கத்தில் எடுத்தார்கள். மரமும் அந்த வழியாகவே வெளியே வந்துவிட்டது. முன்கதவு அன்றைக்கே சரியாக இறங்கியது. பணி முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தார். விசாரணை செய்தவர்களோ, கயிறு பிடித்தவரின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். பின்கதவைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த வருடம் கார் நன்றாக விளைந்தது.

நான் பெரியண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். ஒப்பந்தக்காரர் என் கைக்கு எட்டவில்லை. பின்கதவை அடைத்ததாகச் சொன்னவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. எட்டிய தூரத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் காவலுக்கு இருக்கிறார். எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து நடப்பேன்.

அணையின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா சொன்னாள், பெரியண்ணனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாயிற்று என்று.

"யாரக் கேட்டுக் கூப்பிட்ட?"

"ஒன்னக் கேட்டுத்தான் கூப்பிடணுமோ, புரொபசரே?"

"கயித்த விட்டவன் அக்கா அவன்."

"ஏலே, வாய அலம்பு. கடைசி முழம் வரைக்கும் அவன் கைய விட்டு எடுக்கல. உள்ளங்கைத் தோலு உரிஞ்சு போயி வந்தான். நீ அந்தக் கையப் பாத்தியா? புண்ணு ஆறுற வரைக்கும் நாந்தான் கஞ்சி ஊட்டி விட்டேன்."

எனக்கு அது தெரியாது அத்தான். அக்கா ஊட்டினாள் என்பதும் தெரியாது. தாலியை இழந்தவளே அவருக்குச் சோறு ஊட்டியிருக்க, அவளுக்காக என்று சொல்லி நான் யாருக்காக வஞ்சம் வைத்திருந்தேன்?

உங்கள் மகள் என் பக்கம் திரும்பினாள். "பெரிய மாமா என்ன சொல்லுதாங்க தெரியுமா? சின்னவன் ஒரு வார்த்த கூப்பிட்டாத்தான் கோயிலுக்குள்ள வருவேன், இல்லன்னா வெளிய நின்னு பிள்ளயப் பாத்துட்டுப் போயிருதேன்னு சொல்லுதாங்க. எனக்கு ரெண்டு மாமாவும் வேணும். ஒங்க ரெண்டு பேரு சண்டையில எங்க அப்பாவ இழுக்காதீங்க."

நான் வேனை நோக்கி நடந்தேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவரைத் திட்டியிருப்பீர்களா, என்னையா?

பெரியண்ணனின் வீட்டுப் படியேற என்னால் முடியாது. போனில் அழைக்கவும் நாக்கு வராது. உள்ளங்கை உரிந்ததைக் கேட்டதும் எல்லாம் கரைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த அணையில் தேங்கியிருப்பதைப் போல என்னிடமும் நிறையத் தேங்கிக் கிடக்கிறது. ஆனால் அது முழுவதும் அவருக்குரியதல்ல என்பது தெரிகிறது. பின்கதவை அடைத்ததாகச் சொன்னவர்களின் பங்கையும் சேர்த்து அவர் தலையில் இனி ஏற்ற மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் மகள் கோயிலுக்குள் நடக்கும்போது தாய்மாமன் இடம் காலியாக இருக்காது. அங்கே அவர் நிற்கட்டும். நான் பின்வரிசையில் இருப்பேன். அவரோடு பேசுவேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதை நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்துக்கு அனுப்புகிறேன். பெரியண்ணன் காலையில் டீக்கடையில் பேப்பரை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தை இதுதான்: உள்ளே வாருங்கள்.

கடைசியில் உங்கள் மைத்துனன் என்று எழுதிப் பெயரும் போடுவதுதான் முறை. போட்டால் மன்னித்துவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொள்வார். அவ்வளவு தூரம் நான் இன்னும் வரவில்லை அத்தான். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.